சிவப்பு விளக்கு தொங்கும் கடையில் ஒரு மாலை: டோக்கியோவின் பழைய பாணி இஸகாயாவில் உண்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் சுஷியையும் ராமெனையும் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், சிவப்புக் காகித விளக்கு தொங்கும் சிறிய கடையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. கதவு மூடியிருக்கிறது, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியவில்லை, விலைப்பட்டியல் வெளியில் இல்லை, இருந்தாலும் படிக்க முடிவதில்லை. இஸகாயா என்று அழைக்கப்படும் இந்தக் கடைகள், மதுவை முன்வைத்துச் சிறு சிறு தட்டுகளில் உணவு பரிமாறும் இடங்கள். அவற்றிலும் சென்ற நூற்றாண்டின் ஷோவா காலத்து வாசனை மாறாமல் இருக்கும் கடைகளுக்கென்று தனி நடைமுறை இருக்கிறது. அந்த நடைமுறை கடினமானதன்று. வயிற்றின் அவசரத்துக்குச் சாப்பிடாமல் கடையின் வேகத்துக்கு ஒத்துப்போனால் மீதியெல்லாம் தானாக அமைந்துவிடும் என்பதே நான் சொல்ல விரும்பும் ஒரே செய்தி. கீழே வரும் படிகள் அனைத்தும் அதன் விரிவுதான்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) மதுவை அளந்து விற்கும் கடைகள், வாங்கியவர்களை அங்கேயே அமர்ந்து குடிக்கவும் அனுமதிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வழக்கம் வளர்ந்தது. 1596-இல் இன்றைய கண்டா பகுதியில் தொடங்கப்பட்ட தோஷிமாயா என்ற மதுக்கடை, மலிவான மதுவோடு, புளித்த சோயா விழுதான மிசோ தடவிச் சுட்ட டோஃபுவையும் கொடுத்துக் கூட்டத்தை இழுத்ததாக வரலாறு. ஆனால் இன்று ஜப்பானியர்கள் ‘ஏக்கத்தோடு’ நினைப்பது எடோவை அல்ல. ஷோவா காலம் 1926 முதல் 1989 வரை நீண்டது. அதில் 1955-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட பத்தாண்டு, அதாவது போரின் வறுமை விலகி வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வரத் தொடங்கிய காலம், அவர்களுடைய நினைவின் நடுமையமாக இருக்கிறது. புகை படிந்த மரச்சுவர், மூலையில் ஓடும் பேஸ்பால் ஒளிபரப்பு, தகர எனாமல் விளம்பரப் பலகை ஆகியவை எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சங்கள்.

முதல் படி: கடையைத் தேர்ந்தெடுத்தல்

பழமையை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, உண்மையிலேயே பழையது. மற்றொன்று, பழையது போல அமைக்கப்பட்டது. இரண்டாவது வகையை இகழ வேண்டியதில்லை. ஷோவா காலச் சுவரொட்டிகளையும் எனாமல் பலகைகளையும் ஒட்டிய சங்கிலிக் கடைகளில் படத்தோடு கூடிய பட்டியலும், பெரும்பாலும் தொடுதிரையும் இருக்கும். 90 அல்லது 120 நிமிடங்களுக்கு அளவில்லாமல் குடிக்கும் திட்டமும் இருக்கும். ஆறு பேர் கொண்ட குழுவும் அமரலாம். எபிசு யோகோச்சோ (யோகோச்சோ என்றால் சிறு கடைகள் நிறைந்த சந்து) 2008-இல் பழைய சந்தைக் கட்டடம் ஒன்றை மாற்றி அமைத்த இடம்தான். ஆனாலும் அங்கே மாலை ஏழு மணிக்குக் கால் வைக்க இடமிருக்காது. குடும்பத்தோடு செல்பவர்களும், ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்களும் முதல் இரவை இத்தகைய இடத்தில் கழிப்பது புத்திசாலித்தனம்.

உண்மையான பழைய கடைகள் டோக்கியோவின் கிழக்குப் பகுதியில், ஷிதாமாச்சி என்று அழைக்கப்படும் உழைப்பாளர் வட்டாரங்களில் அதிகம். கித்தா-செஞ்சுவில் 1877-இல் தொடங்கிய ஒஹாஷி, கண்டாவில் 1905-இல் தொடங்கிய மிமசுயா ஆகியவை எவரும் செல்லக்கூடிய, பெயர் பெற்ற கடைகள். ககுராசாகாவில் 1937 முதல் இயங்கும் இசேத்தோவில் பீர் கிடையாது. அரிசி மதுவான சாகே மட்டுமே உண்டு. உரக்கப் பேசுபவர்களை மெல்ல அடக்குவார்கள். நெகிஷியில் உள்ள ககியாவுக்கு ஆண் துணை இல்லாமல் பெண்கள் மட்டும் வரக்கூடாது என்ற விதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. எனக்கு ஒவ்வாத விதிதான். ஆனால் வாசலில் ஏமாறுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அதே ககியாவின் 1856-ஆம் ஆண்டுக் கட்டடம் கொகனேய் பூங்காவில் உள்ள எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டு, ஏறக்குறைய 1970-இல் இருந்த தோற்றத்தில் நிற்கிறது. மது அருந்தாதவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் பகல் வெளிச்சத்தில் ஓர் இஸகாயாவின் உள்ளமைப்பை நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை.

ஷின்ஜுகு மேற்கு வாயிலின் ஒமோய்தே யோகோச்சோவைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன். போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையிலிருந்து பிறந்த சந்து அது. கோதுமை மாவு முதலியவை கட்டுப்பாட்டில் இருந்த நாட்களில், கட்டுப்பாட்டுக்குள் வராத விலங்குகளின் உள்ளுறுப்புகளைச் சுட்டு விற்றுத்தான் அந்தக் கடைகள் பிழைத்தன. 1999-இல் ஏற்பட்ட தீயில் ஒரு பகுதி எரிந்து மீண்டும் கட்டப்பட்டது. இப்போது அங்கே சுற்றுலாப் பயணிகளே மிகுதி. எனவே மொழிச் சிக்கல் குறைவு, ஆனால் நிதானமும் குறைவு. அசகுசாவின் ‘ஹொப்பி தெரு’, யூராகுச்சோவின் ரயில் பாலத்தடிக் கடைகள், கிச்சிஜோஜியின் ஹார்மோனிகா யோகோச்சோ ஆகியவையும் இதே போன்ற சந்துகள்தாம். பழைய கடைத்தெருக்களை மறுகட்டுமானத் திட்டங்கள் விழுங்கிவருவதால், பழைய பயணக் குறிப்பை நம்பிப் புறப்படாமல், கடை இன்னும் இயங்குகிறதா என்பதை வரைபடச் செயலியில் அண்மைப் படங்களைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. தெருவில் நின்று கையைப் பிடித்து அழைக்கும் தரகர் எவர் பின்னாலும் போகாதீர்கள். நல்ல பழைய கடைக்கு ஆள் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது படி: நேரமும் ஆள் எண்ணிக்கையும்

இத்தகைய கடைகள் மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்குத் திறக்கும். பல கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. திறந்தவுடன் ஓய்வுபெற்ற முதியவர்கள் வருவார்கள், ஆறரை மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் நிறையும். ஆகவே திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பதே சிறந்தது. தனியாகவோ இருவராகவோ சென்றால் இடம் கிடைக்கும். நான்கு பேரானால் கடினம். அதற்கு மேல் என்றால் சங்கிலிக் கடையை நாடுவதே முறை. பெரிய பெட்டியோடு செல்ல வேண்டாம். முதுகுப் பையை மடியில் வைத்துக்கொள்ளக்கூட இடமில்லாத கடைகள் உண்டு.

மூன்றாவது படி: வாசல்

கதவுக்கு மேல் தொங்கும் துணித்திரைக்கு நோரென் என்று பெயர். அது வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது. உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருந்தால் இன்னும் திறக்கவில்லை அல்லது மூடிவிட்டார்கள். திரையைக் கையால் விலக்கி, தள்ளு கதவைப் பக்கவாட்டில் நகர்த்தி, முழுமையாக உள்ளே நுழைந்துவிடாமல் வாசலிலேயே நின்று விரல்களால் ஆள் எண்ணிக்கையைக் காட்டுங்கள். ‘இரஷ்ஷாய்’ என்ற குரல் உள்ளிருந்து வரும். அது வரவேற்பு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, தலையை லேசாகத் தாழ்த்தினால் போதும். கடைக்காரர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினால் இடமில்லை என்று பொருள். உள்ளே காலி இருக்கை தெரிந்தாலும் வாதிடக் கூடாது. அது ஒரு வாடிக்கையாளருக்காக வைக்கப்பட்டதாக இருக்கலாம். இன்முகத்தோடு வணங்கிவிட்டு வெளியேறி, அடுத்த கடையைப் பார்க்க வேண்டும்.

எங்கே அமர்வது என்பதை அவர்களே காட்டுவார்கள். காட்டும்வரை நின்றிருங்கள். குறிப்பாக, கடைக்காரருக்கு எதிரே உள்ள நீள மேசையின் (கவுண்டர்) மூலை இருக்கை பல கடைகளில் பல்லாண்டு வாடிக்கையாளர் ஒருவருக்குரியது. எழுதி ஒட்டாவிட்டாலும் அங்கே இருக்கும் அனைவருக்கும் அது தெரியும். பாய் விரித்த மேடைப்பகுதி என்றால் காலணியைக் கழற்றி, மரச்சாவி உள்ள சிறு அலமாரியில் வைக்க வேண்டும். ஓட்டையில்லாத காலுறை அணிந்து செல்லுங்கள் என்று எழுதுவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் காலணி கழற்றும் இடத்தில் அந்தக் கவலைதான் முதலில் வரும்.

புகைபிடித்தல் பற்றியும் ஒரு சொல். 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைபிடிக்கப் பொதுவாகத் தடை இருந்தாலும், முன்பிருந்தே இயங்கும் சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு. அத்தகைய கடையின் வாசலில் அதைக் குறிக்கும் ஒட்டுவில்லை இருக்கும். அங்கே 20 வயது நிறையாதவர்கள் நுழைய முடியாது. புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த ஒட்டுவில்லையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

நான்காவது படி: முதல் ஐந்து நிமிடங்கள்

அமர்ந்ததும் ஈரத் துண்டு வரும். குளிர்காலத்தில் சூடாகவும் கோடையில் குளிர்ச்சியாகவும் தருவார்கள். கையைத் துடைத்து, மடித்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். முகத்தைத் துடைக்கும் முதியவர்களைப் பார்ப்பீர்கள், அது அவர்களுடைய உரிமை. அதே மூச்சில் என்ன குடிக்கிறீர்கள் என்ற கேள்வி வந்துவிடும். இங்கே பட்டியலைப் புரட்டி யோசிக்கும் வழக்கமில்லை. முதல் பானத்தை உடனே சொல்லிவிட்டு, அது வந்த பிறகு உணவைப் பற்றி யோசிப்பதே வழக்கம். ஜப்பானியர்களில் பெரும்பாலோர் ‘தொரியாஎசு நாமா’, அதாவது இப்போதைக்கு ஒரு குழாய் பீர், என்று சொல்லிவிடுவார்கள். மது அருந்தாதவர்கள் தயங்கவே வேண்டாம்: ‘ஊரோன்-ச்சா’ என்று கேட்டால் குளிர்ந்த ஊலாங் தேநீர் வரும், அதைப் பார்த்து எவரும் புருவத்தை உயர்த்தமாட்டார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு சாப்பிடுவது இங்கே பொருந்தாது. மது அருந்தச் சட்டப்படியான வயது 20.

பானத்தோடு, நீங்கள் கேட்காத ஒரு சிறு கிண்ணம் வரும். உப்பில் ஊறிய காய், வேகவைத்த கீரை, சிறு மீன் என்று ஏதாவது இரண்டு வாய் அளவுக்கு இருக்கும். டோக்கியோவில் இதற்கு ஒதோஷி என்றும், ஒசாகாப் பக்கம் த்சுகிதாஷி என்றும் பெயர். கணக்கில் இதற்காக ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை சேரும். வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாகச் சண்டை போடுவது இந்தக் கிண்ணத்துக்காகத்தான். கேட்காததற்குப் பணமா என்ற கோபம் புரிகிறது. ஆனால் எட்டு இருக்கை மட்டுமே உள்ள கடையில் ஒருவர் இரண்டு மணி நேரம் அமர்ந்து கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போக முடிகிறதென்றால், அதற்கான இருக்கைக் கட்டணம் இந்தக் கிண்ணத்தின் வடிவில்தான் வருகிறது. சமையற்காரரின் கைப்பக்குவத்தை அளக்கவும் இதைவிட நல்ல சான்றில்லை: ஒதோஷி அக்கறையோடு செய்யப்பட்டிருந்தால் மற்றவையும் அப்படியே இருக்கும். நின்றபடி குடிக்கும் கடைகள் பலவற்றில் இது கிடையாது.

ஐந்தாவது படி: சுவரைப் படித்தல்

பழைய கடையில் பட்டியல் புத்தகமாக இருக்காது. நீளமான காகிதத் துண்டுகளில் ஒவ்வொரு உணவின் பெயரையும் மேலிருந்து கீழாக எழுதிச் சுவர் முழுவதும் ஒட்டியிருப்பார்கள். புதிதாக, வெள்ளையாக இருக்கும் துண்டுகள் அன்றைய அல்லது அந்தப் பருவத்தின் உணவுகள். பழுப்பேறியவை ஆண்டு முழுவதும் கிடைப்பவை. வாடிக்கையாளர்கள் பார்ப்பது வெள்ளைத் துண்டுகளைத்தான். விலை பல நேரங்களில் ஜப்பானிய எண்களில் இருக்கும்: ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை முறையே ஒன்று, இரண்டு, மூன்று கிடைக்கோடுகள், பத்து கூட்டல் குறியைப் போன்றது, பூஜ்யம் வட்டம். இவ்வளவு தெரிந்தாலே பாதி விலைகளை ஊகித்துவிடலாம். மீதிக்குத் தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. ஆனால் கையால் எழுதிய துண்டுகளில் அது அடிக்கடி தடுமாறும். ‘ஒசுசுமே வா?’ (எதைப் பரிந்துரைப்பீர்கள்?) என்று கேட்பதும், பக்கத்துத் தட்டைக் கையால் மரியாதையாகச் சுட்டி ‘அரே ஒனெகாய் ஷிமாஸ்’ (அதைக் கொடுங்கள்) என்று சொல்வதும் அதைவிட நம்பகமானவை.

ஆளை அழைக்க ‘சுமிமாசென்’ என்று சற்று உரக்கச் சொல்ல வேண்டும். கை தட்டவோ விரலைச் சொடுக்கவோ கூடாது. கடைக்காரரை ‘தைஷோ’ என்றும், கடையை நடத்தும் அம்மையாரை ‘ஒகாமி-சான்’ என்றும் வாடிக்கையாளர்கள் அழைப்பதைக் கேட்பீர்கள். முதல் நாளிலேயே நாமும் அப்படி அழைத்து உறவு கொண்டாடுவது கொஞ்சம் முந்திரிக்கொட்டைத்தனம்.

ஆறாவது படி: எதை, எந்த வரிசையில்

இங்கேதான் நம்முடைய வழக்கம் குறுக்கே நிற்கும். நாம் உணவகத்தில் அமர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுவோம். இலை நிறைய இருந்தால்தான் நமக்கு மனம் நிறையும். இஸகாயாவில் இரண்டு இரண்டாகக் கேட்க வேண்டும். ஒரே ஆள் அடுப்பையும் வெட்டுப் பலகையையும் கவனிக்கும் கடையில் எட்டு உணவுகளை ஒன்றாகக் கேட்டால், அவை ஒன்றாகவும் வந்து சேரும், ஆறியும் போகும், அந்த நேரத்தில் மற்ற வாடிக்கையாளர்களும் காத்திருப்பார்கள்.

முதல் சுற்றில் உடனே வரக்கூடியவற்றைக் கேளுங்கள்: உப்பிட்டு அவித்த பச்சைச் சோயா அவரைக்காயான எடமாமே, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவிய குளிர்ந்த டோஃபுவான ஹியயாக்கோ, உருளைக்கிழங்குச் சாலட். உருளைக்கிழங்குச் சாலட் சாதாரணமானதாகத் தோன்றும்; ஆனால் கடைக்குக் கடை மாறும் ஒரே உணவு அதுதான் என்று ரசிகர்கள் அடித்துச் சொல்வார்கள்.

இரண்டாவது சுற்றுக்கு அந்தக் கடையின் பெயர் சொல்லும் உணவு. ஷிதாமாச்சியில் அது பெரும்பாலும் நிகோமியாக இருக்கும்: மாடு அல்லது பன்றியின் உள்ளுறுப்புகளை மிசோவிலோ சோயா சாஸிலோ மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, பெரிய கொப்பரையிலிருந்து கிண்ணத்தில் அள்ளித் தருவது. ஆட்டுக்குடல் குழம்பு சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதன் சுவை அந்நியமாக இருக்காது. காரம் இல்லாத குறையை மேசையில் இருக்கும் மிளகாய்ப்பொடிக் கலவையான ஷிச்சிமி கொஞ்சம் தீர்க்கும். குளிர்காலத்தில், பல பொருள்களைச் சாற்றில் மெல்ல வேகவைத்த ஒதென் உண்டு. குழம்பில் ஊறி நிறம் மாறிய முள்ளங்கித் துண்டை முதலில் கேளுங்கள், கடையின் குழம்பு எப்படிப்பட்டது என்பதை அது காட்டிவிடும்.

மூன்றாவதாகக் கரி அடுப்பில் சுட்ட குச்சிகள். யாகிதோரி கோழி, ஆனால் யாகிடோன், மோட்சுயாகி என்று எழுதிய கடைகளில் அதே வடிவில் வருவது பன்றி. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது என்பதால், பன்றி உண்ணாதவர்கள் கேட்காமல் எடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு குச்சிக்கும் ‘ஷியோ’ (உப்பு) அல்லது ‘தாரே’ (இனிப்பான சோயாச் சாறு) என்று இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முடிவு செய்ய முடியாவிட்டால் சமையற்காரரிடமே விட்டுவிடலாம். ஈரலுக்குத் தாரே, தோலுக்கு உப்பு என்று அவரே பொருத்தமாகச் செய்வார். பல கடைகளில் ஒரே வகையில் குறைந்தது இரண்டு குச்சிகள் வாங்க வேண்டும். வந்தவுடன் சாப்பிடுங்கள், சூடு தணிந்த குச்சி வேறு உணவு. காலிக் குச்சியை அதற்கென வைத்த குவளையில் போட வேண்டும். உள்ளுறுப்பைப் பச்சையாகத் தர முடியுமா என்று கேட்காதீர்கள்: மாட்டு ஈரலுக்கு 2012-லும் பன்றிக்கு 2015-லும் சட்டத் தடை வந்துவிட்டது.

கடைசியில் ‘ஷிமே’ என்னும் முடிவுணவு: சுட்ட சோற்றுருண்டை, அல்லது சோற்றின் மேல் தேநீரோ சாறோ ஊற்றிய ஒச்சாசுகே. சோற்றை முதலிலேயே கேட்டால் கிடைக்காமல் போகாது. ஆனால் அது, நான் இன்னும் சிறிது நேரத்தில் கிளம்பப் போகிறேன் என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படும். உணவுக்குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் ஈமச்சடங்கை நினைவூட்டுபவை. அவற்றை மட்டும் தவிர்த்தால், மற்ற தவறுகளை அயல்நாட்டாரின் அறியாமை என்று மன்னித்துவிடுவார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு

உண்மையைச் சொல்வதென்றால், கண்டிப்பான சைவருக்கு இது எளிய இடமன்று. சிக்கல் இறைச்சியில் இல்லை, சாறில் இருக்கிறது: காய்கறி வேகும் நீரிலேயே காய்ந்த பொனிட்டோ மீனின் சாறு கலந்திருக்கும். ஒதெனின் முள்ளங்கி, கீரை, வறுத்த டோஃபுவின் மேல் ஊற்றும் சாறு எல்லாவற்றிலும் அது உண்டு. உருளைக்கிழங்குச் சாலட்டில் பன்றித் தொடையிறைச்சித் துண்டுகள் ஒளிந்திருக்கும். ஆகவே உப்பும் நெருப்பும் மட்டும் படும் உணவுகளைத் தேர்ந்தெடுங்கள்: எடமாமே, உப்பிட்டுச் சுட்ட ஷிஷிதோ மிளகாய், ஷிதாகே காளான், இலையுதிர் காலத்தில் கிங்கோ கொட்டைகள், தவிட்டில் ஊறிய வெள்ளரி ஊறுகாய், உப்பில் ஊறிய புளிப்புப் பழமான ஊமே வைத்த சோற்றுருண்டை. ஹியயாக்கோவையும் சுட்ட கத்தரிக்காயையும் ‘கத்சுவோபுஷி நுகி தே ஒனெகாய் ஷிமாஸ்’ என்று சொல்லி, மேலே மீன் சீவலைத் தூவாமல் கேட்கலாம். அமர்ந்தவுடனேயே ‘நிகு மோ சகானா மோ தபேமாசென்’ (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன்) என்று சொல்லிவிட்டால், சில கடைக்காரர்கள் ஒதோஷியையே மாற்றித் தருவார்கள். ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். மீன் சாறு அதற்குள் அடங்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஹலால் உணவு தேடுபவர்களுக்கோ, சமையலிலேயே மிரின் என்னும் மதுச்சாறு கலப்பதால், இத்தகைய கடை பெரும்பாலும் பொருந்தாது.

ஏழாவது படி: குடிக்கும் முறை

ஷிதாமாச்சியின் அடையாளப் பானம் ஹொப்பி. 1948-இல், பீர் எட்டாக்கனியாக இருந்த நாட்களில் டோக்கியோவில் அறிமுகமான, பீரின் சுவை கொண்ட, 0.8 சதவீத ஆல்கஹால் மட்டுமே உள்ள புட்டிப் பானம் அது. அதைத் தனியாகக் குடிக்கமாட்டார்கள்; ஷோச்சு என்னும் வடிமதுவோடு கலப்பார்கள். ‘ஹொப்பி செட்’ என்று கேட்டால், ஷோச்சு ஊற்றிய கண்ணாடிக் குவளையும் பழுப்பு நிறச் சிறு புட்டியும் தனித்தனியாக வரும். ஷோச்சு ஒரு பங்குக்கு ஹொப்பி ஐந்து பங்கு என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. கடைகளோ ஷோச்சுவைத் தாராளமாகவே ஊற்றுகின்றன. புட்டியைச் சற்று உயர்த்தி வேகமாக ஊற்றினால் நுரை எழும்பித் தானாகக் கலந்துவிடும், கிளற வேண்டியதில்லை. குவளை காலியாகும்போது புட்டியில் பாதி மீந்திருக்கும். அப்போது ‘நாகா’ என்று ஒரு சொல் சொன்னால் ஷோச்சு மட்டும் வரும். புட்டி தீர்ந்தால் ‘சோத்தோ’. இந்த இரண்டு சொற்களையும் சரியான நேரத்தில் சொல்லும் அயல்நாட்டாரைப் பார்த்துக் கடைக்காரர் சிரிப்பது உறுதி. ஆனால் மூன்றாவது நாகாவுக்குப் பிறகு எழுந்து நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சுவையில் தெரியாத போதை அது.

சாகேயைப் பழைய கடையில் சூடாகக் கேட்பதே அழகு. அளவு ‘கோ’ கணக்கில்: ஒரு கோ 180 மில்லிலிட்டர். ஏறக்குறைய 40 பாகை சூடு நுருகான், 45 ஜோகான், 50 அத்சுகான். சில கடைகளில் இன்னும் செம்புத் தொட்டியில் வெந்நீர் கொதிக்காமல் ஆவி பறக்க இருக்கும். அதில் பீங்கான் புட்டியை இறக்கி வைத்து, சற்று நேரம் கழித்துத் தூக்கி, அடிப்பாகத்தை நடுவிரலால் தொட்டுப் பார்த்து, போதாதென்று மீண்டும் இறக்குவார் கடைக்காரர். வெப்பமானி எங்கும் இருக்காது. ‘ஹியா’ என்று கேட்டால் பழைய கடையில் அறையின் வெப்பத்திலேயே தருவார்கள். குளிர்ந்தது வேண்டுமென்றால் ‘ரேய்ஷு’ என்று சொல்ல வேண்டும். தட்டின் மேலோ மரப்பெட்டிக்குள்ளோ வைத்த குவளையில் வழிய வழிய ஊற்றினால் பதற வேண்டாம். முதல் மடக்கைக் குனிந்து உறிஞ்சிவிட்டு, பிறகு வழிந்ததைக் குவளையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இருவராகச் சென்றால் ஒருவர் குவளையை மற்றவர் நிரப்புவதே மரபு; புட்டியை இரு கையாலும் பிடித்து ஊற்ற வேண்டும். எல்லோருக்கும் பானம் வந்து ‘கன்பாய்’ (சியர்ஸ்) சொல்லும்வரை குடிக்கக் கூடாது. தனியாக வந்தவர் தானே ஊற்றிக்கொள்வதில் குறையில்லை.

பக்கத்து இருக்கைக்காரர்

கவுண்டரில் அமர்ந்தால் தோள் உரசும் தூரத்தில் ஒருவர் இருப்பார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர்தான் முதலில் கேட்பார். ‘மினாமி இந்தோ’ என்று தென்னிந்தியாவைச் சொன்னவுடன் பேச்சு கறிக்குப் போய்விடும். தினமும் கறி சாப்பிடுவீர்களா என்ற கேள்வியை எதிர்பார்த்தே செல்லுங்கள். சுவரில் கிமோனோ அணிந்த பெண்ணின் படத்தோடு ஒரு மஞ்சள் தகரப் பலகை இருந்தால், அது 1968-இல் வந்த பொன் கரே என்னும் உறையில் அடைத்த கறியின் விளம்பரமாக இருக்கக்கூடும். அதைச் சுட்டிக் காட்டினால் முதியவர் தம் பள்ளிக் காலத்துக்கே போய்விடுவார். அவர் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தால் ஏற்றுக்கொண்டு, பிறகு நீங்களும் ஊற்ற வேண்டும். ஆனால் பேசாமல் குடிப்பவரைப் பேச வைக்க முயலாதீர்கள். நாள் முழுவதும் பேசிக் களைத்தவர் பேசாமல் இருப்பதற்காகவே அங்கே வந்திருக்கிறார்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். உங்கள் தட்டை எடுப்பதில் தடையிருக்காது. மற்றவர் முகம் விழுந்தால் அது மரியாதைக் குறைவாகக் கருதப்படும்.

கழிப்பறை சிறியதாக இருக்கும், சந்துக் கடைகளில் பொதுவானதாக வெளியே இருக்கும். உள்ளே வைத்த செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். குந்தி அமரும் பழைய வகை என்றால், கவிந்த முனை இருக்கும் பக்கம் முகம் இருக்குமாறு அமர வேண்டும்.

எட்டாவது படி: கணக்கும் வெளியேற்றமும்

மூடுவதற்கு அரை மணி முன்னதாகக் கடைசி ஆர்டர் கேட்பார்கள். ஆனால் அதுவரை அமர்ந்திருக்க வேண்டியதில்லை. வாசலில் ஆட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினால், குவளையும் காலியாக இருந்தால், எழுந்துவிடுவதே பண்பு. ஒன்றரை மணி நேரம் போதுமானது. ‘ஒகான்ஜோ ஒனெகாய் ஷிமாஸ்’ என்று சொல்லுங்கள். இரைச்சலாக இருந்தால் இரண்டு சுட்டுவிரல்களையும் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்துக் காட்டினாலும் புரியும். கணக்கு ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையாக மட்டும் வரலாம். இரண்டு மூன்று பானங்களும் நான்கைந்து தட்டுகளும் என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 3,000 யென் ஆகும். அட்டை ஏற்காத கடைகள் இன்னும் இருப்பதால், ஆயிரம் யென் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். பணத்தைக் கையில் திணிக்காமல் சிறு தட்டில் வைக்க வேண்டும். அன்பளிப்புப் பணம் வைக்கக் கூடாது. மறந்துவிட்டுப் போனீர்கள் என்று கடைக்காரர் தெருவரை ஓடி வந்து திருப்பித் தருவார். அதற்குப் பதிலாக ‘கொச்சிசோசாமா’ (விருந்துக்கு நன்றி) என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

ஒரு கடையோடு முடிக்காமல் இரண்டாவது கடைக்குச் செல்வது ஜப்பானியர் வழக்கம். முதல் கடையில் இரண்டு இரண்டாகக் கேட்கச் சொன்னதன் பயன் அப்போது தெரியும். அப்படிச் செல்வதானால் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதன் பிறகு டாக்ஸிக்கு ஆகும் செலவு இரண்டு கடைகளின் கணக்கையும் தாண்டிவிடும். வாடகை மிதிவண்டியில் விடுதி திரும்பலாம் என்ற எண்ணமும் வேண்டாம்: குடித்துவிட்டு மிதிவண்டி ஓட்டுவோருக்கான தண்டனையை 2024 நவம்பர் முதல் கடுமையாக்கியிருக்கிறார்கள், வண்டியைக் கொடுத்தவருக்கும் மது ஊற்றியவருக்கும்கூட அது பொருந்தும்.